பாதையை விட்டுப் பன்னிரண்டு காலடி

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை விடுமுறையில், நுவரெலியாவில் நடந்தது இது. பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம் படிக்கத் தொடங்கி எனக்கு ஓராண்டு முடிந்திருந்தது. விடுதியில் என்னுடன் ஒரே அறையில் இருந்த தோழி, அந்த நகரத்துக்கு அண்மையில் உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவள். என் ஊர் நெடுங்கேணிக்கு அப்பால், காட்டோரம். அப்பாவின் பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து அங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். இருந்தும், அதுவரை நான் மலையைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். எங்கள் பக்கத்தில் உயரமான இடம் என்றால் குளக்கட்டு மட்டும்தான்.

வவுனியாவில் ஏறி, கண்டியில் மாறி, தோழியின் வீட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவளுடைய அம்மா தேநீரைக் கையில் தந்துவிட்டு என்னைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ஆளுங்க புள்ளதானே நீ? பேச்ச மட்டும் எங்க போயி வாங்கின? எதக் கேட்டாலும் ஓம் ஓம்ங்குற. பூச வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

நான் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல்; அதற்கும் "ஓம்" என்றுதான் பதில் சொன்னேன்.

மறுநாள் தோழி என்னை ஏரிக்கு அழைத்துச் சென்றாள். பண்டிகைக் காலம் என்பதால் கரை முழுவதும் சனம். வாடகைக் குதிரைகள், மிதித்து ஓட்டும் படகுகள், சோளம் அவிக்கும் ஆவி. எங்கள் குளத்துக்கு ஒரு பக்கம் கட்டும் மறுபக்கம் காடும் இருக்கும். நீர் பரந்து கிடக்கும். இங்கே நாற்புறமும் மலைகள் நெருங்கி நின்றன. நீர் அவற்றின் நடுவே, கிண்ணத்தின் அடியில் மிஞ்சியதைப் போல இருந்தது. மேலே ஏறினால் ஏரி முழுவதும் தெரியும் என்றாள் தோழி. பிற்பகல் இரண்டு மணியளவில், நகரத்துக்கு வெளியே ஒரு மேட்டுப் பாதையில் ஏறினோம்.

பாதை ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பைன் மரங்கள், மறுபக்கம் மரம் வெட்டி வெறுமையாக்கிய புற்சரிவு. தோழி முன்னால் போனாள். மலையில் பிறந்தவர்கள் பாதையை ஒரு கட்டாயமாக எடுத்துக்கொள்வதில்லை என்று அன்று கண்டேன். "இப்படி இறங்குனா சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு அவள் சரிவில் இறங்கினாள். அடுத்த கணம் சறுக்கி, புல் மூடிக் கிடந்த ஒரு கானுக்குள், அதாவது மழைநீர் ஓட வெட்டிய வாய்க்காலுக்குள், இடுப்பளவுக்கு விழுந்துவிட்டாள்.

"கால் பெரண்டுடுச்சு. வந்து கையக் குடு" என்றாள். குரலில் பாதி சிரிப்பு இருந்தது.

பாதையிலிருந்து ஒரு காலை எடுத்தேன். அப்போதுதான் அவற்றைக் கண்டேன். புல்லுக்குள் முழங்கால் உயரத்துக்கு, சீரான இடைவெளியில், நுனியில் சிவப்புச் சாயம் பூசிய குச்சிகள். எனக்கும் அவளுக்கும் இடையில் மூன்று வரிசை. அவளுக்கு அப்பாலும் வரிசைகள்.

எடுத்த காலை மீண்டும் பாதையில் வைத்தேன்.

நான் சிறுமியாக இருந்தபோது, எங்கள் பள்ளிக்கூடப் பாதையின் இரு பக்கமும் இதே போன்ற சிவப்புத் தடிகள் நின்றன. அவற்றுக்கு அப்பால், போர்க்காலத்தில் மண்ணுக்குள் புதைத்த மிதிவெடி. கூட்டலும் கழித்தலும் போல அதையும் பாடமாகவே படித்தோம். தடியைத் தாண்டாதே. தாண்டியவர் அசையக் கூடாது. அருகில் நிற்பவர் உள்ளே போகக் கூடாது. நின்ற இடத்திலிருந்து ஆட்களைக் கூப்பிட வேண்டும். வகுப்பில் நான்தான் அதைப் பிழையில்லாமல் ஒப்புவிப்பேன்.

"அசையாதை" என்றேன். "அப்படியே இரு. ஒண்டிலயும் கை வைக்காதை. நான் ஆரையாவது கூப்பிடுறன்."

"ஏய், வெளையாடாத. எனக்கு வலிக்குது."

நுவரெலியாவில் மிதிவெடி கிடையாது என்பது எனக்குத் தெரியும். அந்த நிமிடத்திலும் தெளிவாகவே தெரிந்தது. ஆனால் அந்த அறிவு என் கால்களுக்கு எட்டவில்லை. அவளுடைய அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கொழுந்து பறிக்கப் போயிருந்தார், எடுக்கவில்லை. பாதையின் இரு பக்கமும் பார்த்துக் கூப்பிட்டேன். மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது, பின்னாலேயே மழையும் வந்தது. கானில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. அவள் கரையைப் பிடித்து எழ முயன்றாள், கால் ஊன்ற முடியாமல் மறுபடியும் விழுந்தாள். மூன்றாவது முறைக்குப் பிறகு என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கையை மட்டும் சிறிது நேரம் நீட்டியபடி வைத்திருந்தாள். பிறகு அதையும் எடுத்துக்கொண்டாள்.

கால்மணி நேரம் இருக்கும். தலையில் புற்கட்டோடு ஒரு பெண் பாதையில் வந்தார். நடுத்தர வயது, தோளைச் சுற்றிப் பொலித்தீன் விரிப்பு. நான் சிவப்புக் குச்சிகளைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், கானைப் பார்த்தார், கட்டைக் கீழே போட்டார். நேராகக் குச்சிகளுக்கு நடுவே நடந்து போனார்.

தோழியை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார். பின், பக்கத்தில் நின்ற குச்சியொன்றைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தார்.

"இத ஊனிக்கிட்டு வா. மரக்கன்னு வைக்கிறதுக்கு எடம் அளந்து நட்ட குச்சி. புல்லுல தொலையாம இருக்கத்தான் சாயம்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ என்னம்மா, காவலுக்கு நிக்கிறியா?"

பாதைக்கு வந்த தோழியின் மறுபக்கத் தோளை நான் தாங்கினேன். அவள் தடுக்கவில்லை. ஆனால் தன் எடையை முழுவதும் அந்தப் பெண் மீதும் குச்சி மீதுமே சாய்த்திருந்தாள்.

வீட்டில் அவளுடைய அம்மா எண்ணெய் காய்ச்சிப் பூசித் துணியால் கட்டுப் போட்டார். எலும்பு முறியவில்லை, வீக்கம் மட்டும்தான். இரவுச் சாப்பாடு வரை தோழி என்னோடு பேசவில்லை. பிறகு, சுவரைப் பார்த்தபடி கேட்டாள்:

"நான் ஒனக்கு அவ்வளவு தூரமாவா இருந்தேன்?"

அப்போதுதான் சொன்னேன். பள்ளிக்கூடப் பாதையின் தடிகளைப் பற்றிச் சொன்னேன். போர் முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பிய முதல் மாரியில், பசுக்கன்று ஒன்றைத் தேடி அந்தத் தடிகளைத் தாண்டிப் போன என் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் இப்போது செயற்கைக் காலோடு சைக்கிள் ஓடுகிறார், வயலுக்கும் போகிறார். கன்று அன்று மாலையே தானாக வீடு வந்துவிட்டது. இவ்வளவையும் வரிசையாக, குரல் மாறாமல் சொன்னதாக நினைவு.

அவள் சுவரை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வருசமா ஒரே ரூம்ல இருக்கோம். இத ஒரு நாள்கூடச் சொல்லலையே."

"நீ கேக்கேல்லையே."

"கேக்குறதுக்கு எனக்கு எப்படித் தெரியும்?"

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதை ஒரு நல்ல குணமாக எண்ணி வந்தவள் நான். அவள் மூலையில் சாத்தியிருந்த குச்சியைத் தாடையால் சுட்டிக் காட்டினாள்.

"அத நீதான் கொண்டுபோயித் திருப்பி நடணும். இல்லாட்டி ஒரு மரம் கொறஞ்சிரும்."

மூன்றாம் நாள் ஊருக்குப் புறப்பட்டேன். பஸ் ஏற்றிவிடத் தோழியின் அம்மா வந்தார். என் முதுகில் பயணப்பை, கையில் சிவப்பு நுனிக் குச்சி. நகரத்தில் இறங்கி இருவரும் அந்த மேட்டில் ஏறினோம். தோழி அவரிடம் எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பாதையில் நின்று, "நான் வரவா?" என்றார்.

"இல்லை அம்மா, நான் போறன்."

நடந்தேன். ஐந்தாவது காலடியில் நின்றுவிட்டேன். சப்பாத்துக்குள் விரல்கள் மடங்கியிருந்தன. அம்மா பாதையிலேயே காத்திருந்தார். மீண்டும் நடந்தேன். மொத்தம் பன்னிரண்டு காலடி. பிடுங்கிய குழியில் மழைநீர் நின்றது. குச்சியை அதில் இறக்கி, சுற்றிலும் மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினேன். நிமிர்ந்தபோது ஏரி தெரிந்தது. தோழி காட்ட நினைத்த இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். பாதையிலிருந்து மரங்கள் மறைத்த நீர், மலைகள் அனைத்தோடும், அங்கிருந்து முழுவதுமாகத் தெரிந்தது. படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். "குச்சி எங்க?" என்று பதில் வந்தது. அதையும் எடுத்து அனுப்பினேன்.

ஊரில் சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, அவர் சைக்கிளைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில் ஒன்று மட்டும் கேட்டார்: "நேராய் நட்டனியோ?"

எங்கள் காட்டோரத்தில் இன்றும் நான் பாதையை விட்டு இறங்குவதில்லை, அது சரியான பாடம்தான். ஆனால் நான் எதற்காக நிற்கிறேன் என்பதை அருகில் இருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நீட்டிய கையொன்று காத்திருந்து தானாக மடங்குவதை இன்னொரு முறை பார்க்க எனக்கு விருப்பமில்லை.