கதவையே திறக்காத ஓட்டுநர்

வனவிலங்குப் பூங்காவின் வாசலில் டிக்கெட் கொடுக்கும் அம்மாள், பதினெட்டு வருஷ வேலையில் ஒரு காட்டு மிருகத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. அவ்வளவு பயம். பஸ் புறப்படும்முன் மைக்கைப் பிடித்து, "யாரும் கீழே இறங்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது" என்று படிப்பதோடு சரி. அந்த பஸ்ஸை ஓட்டுகிறவர் அவள் கணவர். கல்யாணமான புதிதில் தினமும் அழுது தீர்த்தவளிடம், "இரும்புப் பெட்டிக்குள்ள உட்கார்ந்திருக்கேன். கதவையே திறக்க மாட்டேம்மா" என்று சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் குடித்தனம் ஓடியது. பயப்படுகிற பார்வையாளர்களிடமும் அவள் அதையே சொல்லி டிக்கெட்டைக் கொடுப்பாள்.

அன்று காலை முதல் நடைக்கு டிக்கெட் கொடுத்து முடித்ததும் மெஷின் மக்கர் பண்ணியது. ரிப்பேர்காரர் வர மதியமாகும். "உட்கார்ந்து ஈ ஓட்டுறதுக்கு, உள்ளே ஒரு நடை போயிட்டு வாங்களேன்" என்றார் மேலாளர். கணவருக்கு வாயெல்லாம் பல். மறுக்க வழியில்லாமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் மான்கள் வந்தன. அவளுக்கு அதுவே போதும் போதும் என்றாகிவிட்டது. ஓடைத் திருப்பத்தில் பாதைக்குக் குறுக்கே பெரிய கிளை ஒன்று கிடந்தது. கணவர் வண்டியை நிறுத்தினார். சீட்டுக்கு அடியிலிருந்து அரிவாளை எடுத்தார். கதவைத் திறந்து இறங்கினார்.

அரிவாள் பிடியில் ஒரு துணி சுற்றியிருந்தது. நீலப்பூ போட்டது. ஆறு வருஷத்துக்கு முன் வீடெல்லாம் தேடிச் சலித்த தலையணை உறை. பிடித்துப் பிடித்து நூல்நூலாகியிருந்தது. அவர் இறங்குவது இது முதல் தடவை இல்லை.

நாலு வெட்டு விழுந்திருக்கும். பக்கத்துப் புதரை விலக்கிக்கொண்டு ஒற்றை யானை வந்து நின்றது. இருபதடி தூரம்கூட இல்லை. கணவர் அப்படியே உறைந்து போனார்.

"கதவைச் சாத்துங்க!" பின் சீட்டிலிருந்து பயணி ஒருவர் பாய்ந்து வந்தார். "நீங்கதானேம்மா மைக்ல சொன்னீங்க, திறக்கக் கூடாதுன்னு?"

அவள் படியில் இறங்கி, கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

"அவர் வெளியே இருக்காருங்க."

பாய்ந்து வந்தவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். யானை காதை விரித்து ஓரடி முன்னே வைத்தது. கணவர் முதுகைக் காட்டாமல், ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினார். சட்டை கைக்கு எட்டியதும் காலரோடு பிடித்து உள்ளே இழுத்தாள். கதவு மூடியது. யானை கிளையைக் காலால் ஒதுக்கிவிட்டு, தன் பாட்டுக்குப் போய்விட்டது.

"எத்தனை வருஷமா இறங்குறீங்க?"

"சேர்ந்த நாள்லேர்ந்து." அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "சொன்னா நீ விட்டிருப்பியா?"

மதியம் மெஷின் சரியாகிவிட்டது. அடுத்த நடைக்கு மைக்கைப் பிடித்தாள். "யாரும் கீழே இறங்க..." என்று பாதியில் நிறுத்தி, மைக்கைக் கீழே வைத்தாள். ஓட்டுநர் சீட்டிலிருந்தவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் காட்டுக்குள் போய் மறைந்தது. பதினெட்டு வருஷமாக அவருக்காகப் படாத பயமெல்லாம் மொத்தமாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

அடுத்த நடைக்காகக் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஜன்னலுக்கு வந்தாள். "உள்ளே பயம் ஒண்ணும் இல்லையேக்கா?"

அம்மாள் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. டிரைவர் கதவையே திறக்க மாட்டார்."