மூன்று தடவை

எந்தச் சொல்லையும் மூன்று தடவை சொல்ல வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது மொழிகளைப் பதிவு செய்து ஆராயும் எங்கள் வேலையில் விதி. பாரிவாக்கத்தில் இருளர் மொழி பேசும் ஓர் அம்மாவிடம், அவர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பெருக்கித் துடைத்துவிட்டு வந்த களைப்போடு உட்கார்ந்திருக்க, நாற்பது சொற்களை அப்படித்தான் வாங்கினேன்.

மண்ணூர்பேட்டையில் என் அறைக்கு வந்து பதிவைப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் முதல் தடவை அவருடைய மொழியில் இருந்தது. இரண்டாவது தடவை குரல் தயங்கியது. மூன்றாவது தடவை தமிழ். நோட்டும் கையுமாக வந்தவன் திருப்பிக் கேட்டால், சொன்னது தப்பு என்று எடுத்துக்கொள்வதுதானே அவருக்குப் பழக்கம்? இந்த விதியைப் போட்ட புண்ணியவான் யாரிடமும் ஒரு நாளும் திட்டு வாங்கியிருக்க மாட்டான். எனக்குமா உறைக்கவில்லை?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அலுப்போடு மறுபடி பஸ் ஏறினேன். என் தப்பைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“இன்னிக்கு தப்பே வராது சார். வாரம் பூரா எம் பொண்ணாண்ட கேட்டு மனப்பாடம் பண்ணிக்கினு கீறேன்.”

பிறகு நாற்பது சொற்களையும் தமிழில் ஒப்பித்தார். ஓர் இடத்தில்கூடத் தயங்கவில்லை.