சம்பந்தி பார்க்க வாங்கிய மட்டை

வாழ்க்கையில் ஒருமுறைகூடத் தொட்டிராத ஒரு விளையாட்டைப் பல வருஷமாக ஆடிவருவதாக, என் மகளின் மாமனாராகப் போகிறவரிடம் நான் சொன்னேன். அவர் என்னைக் கேட்கவே இல்லை. அதுதான் இதில் பெரிய கேவலம்.

கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம். தட்டு மாற்றி முடித்து, இலை போடுவதற்கு முன்னால் ஆண்கள் எல்லாரும் என்ன பேசுவது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம். சம்பந்தி திருக்கோவிலூரில் பிறந்து, பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்து ஓய்வுபெற்றவர். "ஞாயித்துக்கெழமன்னா காலைல கோல்ஃப் ஆடப் போயிடுவேன் சம்பந்தி" என்றார். சும்மாதான் சொன்னார். நான் "அப்படியா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மின்விசிறியைப் பார்த்திருக்கலாம். "நானும் ஆடுவேன். இப்பதான் கொஞ்சம் கம்மி பண்ணிட்டேன்" என்றேன்.

கோல்ஃப் பற்றி நூலகத்தில் இரண்டு புத்தகம் படித்திருந்தேன். எதைப் படித்தாலும் அதைச் செய்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. நீச்சல் பற்றிப் படித்துவிட்டுக் கோமுகி வாய்க்காலில் இறங்கி, இரண்டு பேர் சேர்ந்து என்னை வெளியே இழுத்த பிறகும் அது தெளியவில்லை. அன்றைக்கும் பேச்சை வளர்க்க வேண்டுமே என்று அவரிடம் ஏதேதோ கேட்டேன். என்ன கேட்டேன் என்பது நினைவில்லை. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, பொறுமையாகப் பதில் சொன்னார். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின மாதம் போன் வந்தது. ஜவுளி பற்றிப் பேச அவரும் சம்பந்தியம்மாவும் வருகிறார்களாம். "அப்படியே கல்வராயன் மலைக்கு ஒரு நடை போயிட்டு வரலாம். நான் மட்டைய எடுத்துக்கினு வரேன். நீங்களும் எடுத்துக்குங்க. எங்கனா புல்லு இருந்தா ரெண்டு தட்டு தட்டலாம்" என்றார். நான் "பேஷா" என்றேன். என் வாயிலிருந்து அதற்கு முன்னால் அந்த வார்த்தை வந்ததே இல்லை.

என் மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்த வூட்ல போயி இருக்கப் போறது நானு. பொய்யி சொல்றவரு பொண்ணுன்னு ஆயிடும். இப்பவே ஒத்துக்கினு சொல்லிடுங்க."

"இப்ப சொன்னாதான் பொய்யன்னு ஆயிடும்."

"இப்ப மட்டும் இன்னாவா இருக்கீங்க?"

மறுநாளே மட்டை வாங்கச் சென்னைக்குப் பஸ் ஏறினேன்.

கோல்ஃபில் அவரவர் பந்தை அவரவர் தனியாக அடிப்பதுதான் ஆட்டம். அதற்குப் பந்தைத் தூரமாக அடிக்க ஒரு மட்டை, கிட்டத்தில் தூக்கிப் போட ஒரு மட்டை என்று பல வகை இருக்கிறது. கிட்டத்து மட்டைக்கு வெட்ஜ் என்று பெயர். மலைமேல் புல் கிடைத்தால் எப்படியும் சின்ன இடமாகத்தான் இருக்கும், வெட்ஜ் ஒன்று போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இந்த விவகாரத்தில் நான் சரியாகப் போட்ட ஒரே கணக்கு அது.

கடைப் பையன் சுவாரஸ்யமே இல்லாமல், "நீங்க எந்த லெவல் சார்?" என்றான்.

"நடுத்தரம்" என்றேன், விண்ணப்பத்தில் குடும்ப வருமானம் எழுதுகிறவன் மாதிரி.

அவன் என் கையையும் செருப்பையும் பார்த்தான். பிறகு ஒன்றை எடுத்து வைத்தான். அடிப்பாகம் அகலம், முதுகில் ஒரு குழி. பார்க்க அகப்பையும் சுத்தியலும் கல்யாணம் செய்துகொண்ட மாதிரி இருந்தது. "இது ஐம்பத்தாறு டிகிரி சாய்வு சார். புதுசா ஆடறவங்களுக்கு இதுதான் செட் ஆகும். அடி அகலமா இருக்கறதால மண்ணுல பட்டாலும் வழுக்கிக்கினு மேல வந்துடும். கொஞ்சம் தப்பா பட்டாலும் சமாளிச்சிடும்."

"அது?" என்று சுவரில் மாட்டியிருந்ததைக் காட்டினேன். மெல்லிசாக, கத்தி மாதிரி, விளக்கு வெளிச்சம் வழிந்துகொண்டிருந்தது.

"அது அறுபது டிகிரி. நல்லா ஆடறவங்க எடுக்கறது. சரியாப் படலன்னா நேரா மண்ணுக்குள்ள போயிடும்."

ஐம்பத்தாறு என்றால் இரண்டாம் வகுப்பு. அறுபது என்றால் முதல் வகுப்பு. பள்ளிக்கூடம் போன எவனுக்கும் இதில் சந்தேகம் வராது.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சீர்வரிசைப் பாத்திரத்தைச் சமைப்பதற்காக யாரும் வாங்குவதில்லை. மண்டபத்தில் பரப்பி வைத்ததும் மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிக் கனம் பார்ப்பார்கள். அந்த நிமிஷத்துக்காகத்தான் வாங்குகிறோம். அதற்குப் பிறகு அது பரணில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மாதமாக அண்டா, குத்துவிளக்கு என்று கடை கடையாக அலைந்த கண்ணோடு நான் அந்த மட்டையைப் பார்த்துவிட்டேன். சம்பந்தி கையில் எடுத்தால் எப்படி இருக்கும் என்றுதான் யோசித்தேனே தவிர, என் கையில் எப்படி இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. அறுபதையே கட்டச் சொன்னேன். பையன் தோளைக் குலுக்கிவிட்டுக் கட்டினான்.

கச்சிராயபாளையம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மரவள்ளி பிடுங்கிக் காலியாகக் கிடந்தது. அங்கே பழகினேன். பழகினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. வீசிய ஒவ்வொரு முறையும் மட்டை மண்ணுக்குள் இறங்கியது, பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மணிக்கட்டிலிருந்து தோள்பட்டை வரைக்கும் யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி வலி. போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே "தளர்வாக, தளர்வாக" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நின்றது கம்பளம் மாதிரிப் புல். நான் நின்றது கிழங்கு பிடுங்கிய குழி.

களையெடுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் வரப்பில் நின்றுவிட்டார்கள்.

"இன்னாங்க சார், மிச்சம் மீதி கெழங்கு இருக்குதான்னு பாக்கறீங்களா?"

"சும்மா இருடி. சாரு பெருச்சாளி அடிக்கிறாரு."

"பெருச்சாளி இந்நேரம் களமருதூரு போயிருக்கும். ஒண்டியா வெயில்ல நிக்காதீங்க சார், வூட்டுக்குப் போங்க."

வீட்டுக்குப் போய் வாசலில் வீசிப் பார்த்தால் மனைவி. "அடிக்கிற மாதிரியே இல்லங்க. கோவத்துல வாசல் பெருக்கற மாதிரி இருக்குது."

அந்த நாளும் வந்தது. கல்வராயன் மலைமேல், வெள்ளிமலை ஊருக்குப் போகும் வழியில் ஒரு புல்மேட்டைப் பார்த்து சம்பந்தி காரை நிறுத்தச் சொன்னார். முந்தின நாள் மழை பெய்து தரை பஞ்சு மாதிரி ஊறியிருந்தது. பெண்கள் பாய் விரித்து எலுமிச்சை சாதத்தைத் திறந்தார்கள். என் மகள் யாரையும் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தி தன் பையைத் திறந்து வெட்ஜை எடுத்தார். அகலமான அடி. முதுகில் குழி. அதே அகப்பை.

"ரொம்ப வருஷமா ஆடறேன், இன்னும் இதுதான் சம்பந்தி. வேற எடுத்தா எனக்குச் சரியா வராது" என்று சொல்லிவிட்டு என் மட்டையை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். கையில் தூக்கிக் கனம் பார்த்தார், சீர்ப் பாத்திரத்தைத் தூக்கிப் பார்ப்பது போலவே. "நல்ல பொருளு. இத வச்சு ஆடறதுக்கு தைரியம் வேணும்" என்றார்.

அந்த நிமிஷத்தில் மின்னல் கின்னல் என்று ஏதாவது வந்து எங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். வரவில்லை.

"அடிங்க சம்பந்தி."

முதல் வீச்சில் பந்து அசையவில்லை. தோசை அளவுக்கு ஒரு புல்தரை பிய்ந்து பறந்து போய்ப் பாயின் ஓரத்தில் விழுந்தது. சம்பந்தியம்மா சாதப் பாத்திரத்தை மூடினார். இரண்டாவது வீச்சு பந்தின் தலையில் பட்டது. பந்து தரையோடு ஓடி, சரிவில் இறங்கி, ரோட்டைத் தாண்டிப் புதருக்குள் போனது. மூன்றாவதில் மட்டை மண்ணுக்குள் இறங்கி, நான் கையை எடுத்த பிறகும் தானாக நின்றது.

"காத்து ஜாஸ்தியா இருக்குது" என்றார் சம்பந்தி.

ஒரு இலைகூட அசையவில்லை. "ஆமாங்க, ஜாஸ்திதான்" என்று என் மனைவி புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் தன்னுடைய மட்டையை என்னிடம் நீட்டினார். "இதுல ஒண்ணு அடிச்சுப் பாருங்களேன்." அடித்தேன். அதே கைதான், அதே கோணல் வீச்சுதான். அகப்பை மண்ணில் வழுக்கிக்கொண்டு போனது. பந்து எழும்பி, பாதித் தென்னை உயரம் போய், புல்லில் சாதுவாக விழுந்தது. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

"பரவால்ல, நல்ல மட்டைதான்" என்றேன், சான்றிதழ் கொடுக்கிற தோரணையில். அவர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மட்டை பரணில், மிச்சமான அண்டாவுக்குள் இருக்கிறது. கொஞ்ச நாள் கழித்து மகள் பெங்களூரிலிருந்து பேசினாள். புகுந்த வீட்டில் எல்லாரும் நன்றாக வைத்துக்கொள்கிறார்கள் என்றாள். சரியான சமயம் என்று, "உன் மாமனாரு அந்த மலை விஷயமா எதுனா சொன்னாரா?" என்று கேட்டேன்.

"நீங்க ஆடினதே இல்லன்னு நிச்சயதார்த்தத்தன்னிக்கே அவருக்குத் தெரியுமாம்பா."

"அப்புறம் எதுக்கு மட்டையத் தூக்கிக்கினு அவ்ளோ தூரம் வந்தாரு?"

"அவரு வரேன்னு சொன்னா நீங்களே ஒத்துக்குவீங்கன்னு நெனச்சாராம். நீங்க கடைக்கே போயிடுவீங்கன்னு எதிர்பாக்கலியாம்."

"சரி, அன்னிக்கே எப்படித் தெரிஞ்சுதாம்?"

"ஒரு டீமுக்கு எத்தன பேருன்னு கேட்டீங்களாம்."