ஒரு மாதம் முந்தி வந்த விருந்தாளி

ஜொம்ரே தன் தோழி தோக்சிமுக்கு எட்டு லட்சம் வோன் கடன்பட்டிருந்தாள். கொரியக் கரையின் சதுப்போரம், கடலில் சேரும் ஆற்றைப் பார்த்தாற்போல் நாலு அறை கட்டி ‘நாணல் இல்லம்’ என்று விடுதிப் பலகை மாட்ட அவளிடம் வாங்கிய முப்பது லட்சத்தில் அதுதான் மிச்சம். இருவரும் முப்பது வருஷம் சேற்றில் ஒன்றாகப் பலகை தள்ளியவர்கள். ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றி, மறுகாலால் உந்திப் போய்ச் சிப்பி அள்ளியவர்கள். அந்த முழங்கால்தான் இப்போது தோக்சிமைப் படுத்தியது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் பணம் வேண்டும்.

ஜொம்ரே இரண்டு வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை. சதுப்பில் கட்டடம் நிற்காது என்ற கொத்தனாருக்கு, மூங்கிலைக் குத்தி, கெட்டி மண் எங்கே என்று காட்டியவள் அவள்தான். எந்த இன்ஜினியருக்குத் தெரியும் அது?

சியோலிலிருந்து யூன்ஹ்வா என்ற நர்ஸ், பத்து நாள் ஓய்வுக்கு அறை கேட்டிருந்தாள். ஒன்பதாம் மாதம் மூன்றாம் தேதி. அவள் சொன்னது இங்கிலீஷ் தேதி; ஜொம்ரேயோ காலண்டரில் ஒரு மாதம் பிந்தி வரும் நிலாக் கணக்கு ஒன்பதாம் மாத மூன்றைச் சுழித்து வைத்தாள். பிறந்தநாள், திவசம், கடலேற்றம் எல்லாம் நிலாவை வைத்தே பார்க்கிற கரை இது. அதனால் யூன்ஹ்வா பெட்டியோடு வந்து நின்றபோது, ஜொம்ரேயின் கணக்கில் இன்னும் ஒரு மாதம் இருந்தது. மழைக்குப் பயந்து, நாலு அறையிலும் அடியில் அனல் ஓடும் தரையைச் சூடேற்றி மிளகாய் காயப்போட்டிருந்தாள்.

அறைக் கதவைத் திறந்த யூன்ஹ்வாவுக்கு இருமலில் கண்ணீர் கொட்டியது.

“என்னம்மா இது, தங்குற இடமா, மிளகாய்க் குடோனா? நான் அடுத்த பஸ்ஸுக்கே போறேன்!”

தடியூன்றி நின்ற தோக்சிம் சிரித்தாள். “காசு குடுத்துத் தும்ம வந்தியா, கண்ணு?”

“நீ வாயை மூடுடி.” ஜொம்ரே நர்ஸின் பெட்டியை வாங்கிக்கொண்டாள். “தப்பு என்னுதும்மா. நிலாவைப் பாத்துக் குறிச்சுட்டேன். பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கு. என் ரூம்ல செத்த முதுகைச் சாய். பிடிக்கலேன்னா நானே உன்னை ஏத்திவிடுறேன்.”

வெதுவெதுப்பான தரையில் சாய்ந்த யூன்ஹ்வா மறுநாள் மதியம்தான் கண் விழித்தாள். ஜன்னலுக்குக் கீழே, நாணலுக்குள் கடல்தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்திருந்தாள்.

“இங்க எதெல்லாம் சுத்திப் பாக்கணும்?”

“ஒண்ணும் பாக்க வேணாம். தண்ணி வரும், போகும். பசிச்சா சாப்பிடு.”

அதற்குள் அறைகளைக் கழுவி, மிளகாயைப் பரணில் ஏற்றியிருந்தாள் ஜொம்ரே. பத்து நாளும் தங்கிய நர்ஸ் கிளம்பும்போது எட்டு லட்சத்தை நீட்டினாள். ஜொம்ரே எண்பதாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

“முதல் நாள் என் தப்பு. அதுக்குக் காசு வாங்க மாட்டேன்.”

பஸ் போனதும் தோக்சிம் பொரிந்தாள். “பெருமைக்காரி! மிச்சத்துக்கு எங்கடி போவே?”

“சேத்துக்குத்தான்.”

அறுபத்தேழு வயதில் மறுபடி பலகையை இழுத்துக்கொண்டு இறங்கினாள். மூன்று நாள், தண்ணீர் வற்றிய நேரமெல்லாம், சேற்றில் துள்ளும் மீனைத் தூண்டில் வீசிக் கொக்கியால் இழுத்தாள். ஒரு வீச்சும் வீண் போகவில்லை. இந்தக் கரையில் அப்படி வீச இன்னொருத்தி பிறக்கவில்லை. சந்தையில் அத்தனையும் விற்றது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை தோக்சிம் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“கையை நீட்டு.”

“குடுடி, அப்புறம் எண்ணிக்கிறேன்.”

“அப்புறமா? என் கண்ணெதிர எண்ணணும்.”

தோக்சிம் கையை விரித்தாள். ஜொம்ரே ஒவ்வொரு தாளாக வைத்தாள். கடைசியாக வைத்த எட்டுத் தாளிலும், பத்தாயிரம் வோன் தாள்கள், மீன் வாடை அடித்தது.