நான்கு படுக்கைகள்

நாங்கள் ஐந்து சகோதரங்கள். ஜட்லாந்துத் தீபகற்பத்தின் மேற்குக் கரையோரமாக, குடில் குடிலாகத் தங்கி நடக்கத் திட்டமிட்டேன். இக்காஸ்ட் நகரில் அக்கா வீட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு குடிலிலும் நான்கு படுக்கைகள் பதிந்துவிட்டதாகச் சொன்னேன்.

“நாலோ? அப்ப நான்?” என்றாள் அக்கா.

“அத்தான்ரை ஆண்டுத்திவசம் இன்னும் முடியேல்லை. சனம் கதைக்குமெல்லே?”

“மூண்டு வரியம் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டினது நான். அப்ப உன்ரை சனம் எங்கையடா நிண்டது? என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டியோ?”

உன் நல்லதுக்குத்தான் என்று நானும் கத்தினேன். அவள் வரைபடத்தை மடித்து என் கையில் திணித்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் ஐந்தாவது படுக்கைக்கு விசாரித்தபோது குடில்கள் நிறைந்திருந்தன. ஒவ்வொரு குடிலிலும் என் படுக்கையை அவள் பெயருக்கு மாற்றிவிட்டு நான் நின்றுகொண்டேன்.

அக்கா மற்ற மூவரோடும் நடந்துவிட்டு வந்தாள். சனம் ஒருவரும் எதுவும் கதைக்கவில்லை. அவளைத் தடுத்தது நான் ஒருவன்தான். என்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.