பத்தடி முன்னால் போகும் கேசவன்

பெருங்களத்தூர் கேசவனுக்கு நடை என்றாலே ஓட்டம்தான். இருந்த வயலை மனைபோட்டு விற்றுவிட்டு, செங்கல் ஜல்லிக் கடை வைத்திருந்தார். தாம்பரம் மார்க்கெட்டோ, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமோ, அவர் பத்தடி முன்னால் போவார், மனைவி கனகவல்லி மூச்சு வாங்கப் பின்னால் வருவாள். அவள் என்ன பேசினாலும் அவர் திரும்பாமலே "ம்" கொட்டுவார். அத்தோடு சரி.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் அவருக்குச் சர்க்கரை வந்தது. நடக்கச் சொன்னார் டாக்டர். ரிட்டையரான பி.டி. டீச்சர் ஞானம்மாள் ஞாயிறுதோறும் பத்துப் பேரைத் தாம்பரம் பச்சைமலைக்குக் கூட்டிப்போவார். அதில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்தார்கள். சும்மா சேர்ந்திருக்கலாம் இல்லையா? டீக்கடையில் வாயை விட்டார் மனுஷன்.

"உச்சிக்கு நான்தான்டா மொதல்ல. இல்லேன்னா மீசைய எடுத்துடறேன்!" என்றார், மலைக்குக் கூட வரும் கூட்டாளி ஜெயவேலுவிடம்.

இருபத்தைந்து வருஷத்து மீசை ஐயா அது! பல் தேய்த்தாரோ இல்லையோ, அதற்கு எண்ணெய் தடவாமல் வெளியே வரமாட்டார்.

அடிவாரத்தில் டீச்சர் விசில் ஊதினார். "ஒத்தையடிப் பாதை. மெதுவா நடக்கிறவங்கதான் முன்னாடி. யாரும் முந்தக் கூடாது. உச்சிப் பாறை தெரிஞ்சப்புறம் அவங்கவங்க இஷ்டம்." சொல்லிவிட்டு கனகவல்லியை முதலில் நிறுத்தினார். இவர் அவசரக்குடுக்கை என்று தெரிந்தோ என்னவோ, கேசவனை அவளுக்கு அடுத்து நிறுத்தினார்.

"பேஜாரா கீதே டீச்சர்!" என்று முனகிக்கொண்டே நடந்தார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் பெண்டாட்டிக்குப் பின்னால் நடந்தது அன்றுதான். கொஞ்ச தூரத்திலேயே, அவள் இடது காலை ஊன்றும்போதெல்லாம் ஒரு பக்கம் சாய்வது கண்ணில் பட்டது.

"கால்ல இன்னாமே, முள்ளா?"

"முட்டி வலி. நாலு வருஷமா இப்டித்தான் கீது."

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"ரோட்ல போவசொல்லோ எத்தினி தபா சொன்னேன்! நீ 'ம்'முன்ன."

கேசவனுக்குச் சுருக்கென்றது. நாலு வருஷமாக இவள் நொண்டிக்கொண்டே தன் பின்னால் ஓடி வந்திருக்கிறாள். தன்னைத் தானே நன்றாகத் திட்டிக்கொண்டார்.

உச்சிப் பாறை தெரிந்தது. "மச்சான், மீச காலி!" என்று கத்திக்கொண்டு ஜெயவேலு பாய்ந்தான். நாலே எட்டில் அவனைப் பிடித்திருப்பார் கேசவன். கால் பரபரத்தது, கை தானாக மீசைக்குப் போனது. முன்னால் கனகவல்லி வழுக்குப் பாறையில் கால் வைக்கத் தயங்கி நின்றாள். மீசையை விட்டுவிட்டு அந்தக் கையை அவளிடம் நீட்டினார். இருவரும் கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

மதியமே சலூனில் மீசை போயிற்று. தெருவே வந்து பார்த்துச் சிரித்தது.

மறுநாள் முட்டியைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்ததும் கேசவன் நின்றார். கனகவல்லியை முன்னால் போகவிட்டு, ரொம்ப மரியாதையாகப் பத்தடி பின்னால் நடந்தார். அவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் இன்னாய்யா முன்னாடி, பின்னாடி? இம்மாம் அகலமா ரோடு போட்டுக்கீறான். பக்கத்துல வா."