படகு திரும்பாதது அண்ணன் கைப்பிழை அல்ல

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இப்படிப்பட்ட கட்டுரைகளில் எல்லோரும் நல்லவர்களாகவே வருவார்கள். இதில் அப்படி வரமாட்டார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். திருவனந்தபுரத்தில், சாலை என்னும் கடைத்தெருவில் தேங்காய் எண்ணெய் வியாபாரம் செய்த அத்தானுக்கு அக்காவைக் கொடுத்திருந்ததால், அம்மாவும் அண்ணனும் நானும் அங்கேயே குடிவந்தோம். அண்ணன் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை படித்தார். என்னைப் பள்ளிக்கு அனுப்பியது அவருடைய உழைப்பு. அவர் யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அந்தக் குணம்தான் அவரைக் கெடுத்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

நாடு விடுதலை பெற்ற பிறகு அத்தான் ஒரு படகு வாங்கினார். பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் வைத்த படகு. வள்ளக்கடவிலிருந்து கால்வாய் வழியே வேளிக் காயல்வரை ஆள் ஏற்றுவது அவர் திட்டம். ஓட்டவும் பழுது பார்க்கவும் அண்ணனைப் பட்டறையை விட்டு வரச் சொன்னார். பெண் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளை சொல்லை யார் தட்டுவது? அண்ணன் போனார்.

சில மாதங்களில் ஸ்டியரிங் இறுகிவிட்டது. அண்ணன் முதலில் ஸ்டியரிங்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் கம்பிக் கயிற்றை அவிழ்த்துவிட்டு மோட்டாரைக் கையால் திருப்பிப் பார்த்தார். அப்போதும் அது அசையவில்லை. ஆகவே குறை கயிற்றில் இல்லை, மோட்டார் திரும்பும் அச்சில்தான் என்று கண்டுகொண்டார். கழற்றினால், உள்ளே உப்பும் எண்ணெயும் சேர்ந்து பிசின் மாதிரி அப்பியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டினார். பிறகு ஒரு விரலால் தள்ளினாலே திரும்பியது. அன்று அவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எண்ணெய் எப்படி உள்ளே போனது? அத்தானுக்குத் தம் கடை எண்ணெய்மேல் அபார நம்பிக்கை. தலைவலி, தீப்புண், கதவுக் கீல் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. கிரீஸ் பட்டு ஆட்களின் வேட்டி அழுக்காகிறது என்று சாக்குத் துணியால் துடைத்துவிட்டு, இடுக்கில் தேங்காய் எண்ணெயை ஊற்றுவார். மறுபடி இறுகும், அண்ணன் மறுபடி கழற்றுவார். ஒரு மார்கழியில், அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் இதைக் கண்ணால் கண்டேன்.

"அத்தான், விடியக்காலத்தெ குளிர்ல எண்ணெ உறைஞ்சிரும். நாளைக்குப் படக எறக்காண்டாம். அரை நாள் தாங்க, கழத்திச் சரியாக்கித் தாரேன்," என்றார் அண்ணன்.

"சந்தைக்குப் போற ஆளுக காலத்தெ வந்து நிப்பாங்க, மாப்ளே. எண்ணெயும் விட்டாச்சு, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காயும் ஒடச்சாச்சு. பின்னே எதுக்குப் பயந்து பேடிக்கே?" என்றார் அத்தான்.

மறுநாள் காலை, பாலத்தருகே உள்ள வளைவில் படகு திரும்பவில்லை. அண்ணன் முழுப் பலத்தோடு இழுத்தும் ஸ்டியரிங் அசையவில்லை. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பாலத்தின் கல்தூணில் மோதப் போவதைக் கண்டு, எட்டித் தம் வலது கையைத் தூணில் ஊன்றினார். படகில் வந்தவர்களுக்குக் கீறல்கூட இல்லை. அண்ணனின் மணிக்கட்டு நசுங்கியது. அதன்பின் அந்தக் கை ஸ்பேனர் பிடிக்கவே இல்லை.

"அவனுக்குக் கைப்பழக்கம் போராது," என்று அத்தான் ஊரெல்லாம் சொன்னார். நீங்கள் எல்லோரும் நம்பினீர்கள். அண்ணனிடம் வந்து என்ன நடந்தது என்று கேட்டவர் உங்களில் ஒருவர்கூட இல்லை. உண்மையைச் சொல்லக் கிளம்பிய என்னை அண்ணனே தடுத்தார். "நீ மிண்டாண்டாம். அக்கா அங்க வாழணும்லா?" நானும் வாயைத் திறக்கவில்லை. பட்டறையில் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. கடைசிவரை அத்தான் கடையிலேயே உட்கார்ந்து, இடது கையால் அதே எண்ணெயை அளந்து ஊற்றினார்.

பிறகு அண்ணனுக்கு மஞ்சள்காமாலை வந்தது. படுத்திருந்த அறையில் ஜன்னல் கொக்கி இறுகித் திறக்க வரவில்லை. அத்தானே எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். அண்ணன் இடது கையைத் தூக்கி, "வேண்டாம் அத்தான். அது அப்படியே இரிக்கட்டும்," என்றார். அத்தான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். புரிந்துகொண்டார் என்றே நான் நினைத்தேன்.

பதினாறாம் நாள் பந்தியில், "தங்கமான பையன். கைப்பழக்கம் மட்டும் கொறவு," என்று அவர் சொன்னார். அடுக்களையிலிருந்து அதைக் கேட்ட அக்கா என்னிடம் வந்தார். "நடந்ததெ நீ எழுதுட்டீ. நான் பயந்து வாழ்ந்தது போதும்."

எழுதிவிட்டேன். இனி நன்றி. அன்று படகில் இருந்த மீன்காரப் பெண்கள் இருவர் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்டு வந்து, அண்ணன் காலடியில் உட்கார்ந்து அழுதார்கள். முதல் நன்றி அவர்களுக்கு. நோயில் முறை வைத்துக் கூட இருந்த பக்கத்து வீட்டாருக்கும், வந்து பார்த்த வைத்தியருக்கும் நன்றி. ஆண்டுத் திதியில் அண்ணன் படத்தின் முன் எரியும் விளக்குக்கு எண்ணெய் தந்தவர் அத்தான். இந்த முறை ஊற்ற வேண்டிய இடத்தில் ஊற்றியிருக்கிறார். அதற்கும் நன்றி.